தட்டில் கேட்ட நெஞ்சு

தாதியர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று தாதிப் பயிற்சிப் பிள்ளைகள் மூன்று பேர் போன கிழமை என் வீட்டுக்கு வந்தார்கள். சேவையின் மகத்துவத்தைப் பற்றி எழுதச் சொன்னாள் ஒருத்தி. மகத்துவம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வாவிக்கரை ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நின்றேன். அதில் எனக்கு மிஞ்சியது கால் நரம்பு வீக்கமும், வாயாடி என்ற பெயரும்தான். ஆனாலும் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். பிறந்து ஓரிரு நாளான குழந்தைக்கு இரத்த நாளத்தில் மயக்க மருந்து போட்டால் அதன் நெஞ்சுக்கு என்ன நடக்கும் என்பது. அதை எழுதுகிறேன். தியேட்டருக்கு வரப் போகிறவர்கள் படியுங்கள். மற்றவர்கள் கோலப் போட்டி முடிவைப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு எங்களுக்கு ஒரு புதுச் சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்து ஆள். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு வந்தவர். நல்ல கை. வயிற்றைத் திறந்து மூடுவதைப் பார்த்தால் வயிறு என்பது பெட்டியோ என்று தோன்றும். கோபக்காரர். எனக்கு அது பிரச்சினை இல்லை, நானும் கோபக்காரிதான்.

அவர் வரும்போது தயோபென்டோன் என்ற மயக்க மருந்தைக் கொண்டுவந்தார். மஞ்சள் தூள். காய்ச்சி வடித்த நீரில் கரைத்து நாளத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் அதுவரை மூக்கில் துணி போட்டு ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் வழக்கம். நோயாளி திணறுவார், உதைப்பார், வாந்தி எடுப்பார், எங்களுக்கும் தலை சுற்றும். மஞ்சள் மருந்து அப்படி இல்லை. ஊசி ஏறும்போது நோயாளி, "வாயில உள்ளி மணக்குது" என்பார். அடுத்த சொல் வராது. தூங்கிவிடுவார். மீன்பிடிகாரர், வேளாண்மைக்காரர், பிள்ளை பெற்ற பெண்கள் என்று ஆறு மாதத்துக்குள் எத்தனையோ பேர் அப்படித் தூங்கி எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் எல்லோரும் அந்தத் தூளைச் சாமி மாதிரிப் பார்க்கத் தொடங்கினோம். நானும்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மயக்கத்துக்கென்று தனி டொக்டர் அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடையாது. ஊசியும் அவரே, கத்தியும் அவரே. நாடி பார்ப்பது என் வேலை. என்னிடம் கைக்கடிகாரம் இல்லை. ஆஸ்பத்திரி தந்த மணற்கண்ணாடி இருந்தது. விரல் நீளக் கண்ணாடி, அரை நிமிடத்தில் மணல் விழுந்து முடியும். விழுந்து முடியும்வரை எண்ணி, இரட்டித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் மேட்ரன் இதில் ஒரு சட்டம் வைத்திருந்தார். மணல் முழுக்க விழும்வரை வாய் திறக்கக் கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. எனக்கு முன்பிருந்த தாதிகள் பத்து வரை எண்ணிவிட்டு, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லி, ஏட்டிலும் எழுதிவிடுவார்களாம். அந்தச் சோம்பேறித்தனத்தை ஒழிக்க அவர் போட்ட சட்டம் அது. நான் அதை ஒரு நாளும் மீறியதில்லை. என் எண்ணில் பிழை வராது என்று மேட்ரன் எல்லோரிடமும் சொல்வார். எனக்கு அதில் பெரிய பெருமை.

அந்தப் பெருமை ஒரு பிள்ளையைக் கொன்றது.

கிரானில் இருந்து மாட்டு வண்டியில் பூமணி என்ற பெண் வந்தாள். கையில் பெண் குழந்தை, பிறந்து இரண்டு நாள். மலவாசல் மூடிய நிலையில் பிறந்திருந்தது. வயிறு பானை மாதிரி வீங்கி, பச்சையாக வாந்தி எடுத்தது. வெட்டி வழி திறக்காவிட்டால் இன்னும் ஒரு நாள் தாங்காது. டொக்டர் பார்த்தார், செய்யலாம் என்றார். பிள்ளையை நிறுத்தார். இத்தனை இறாத்தலுக்கு இவ்வளவு மருந்து என்று தாளில் கணக்குப் போட்டார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது பெரிய ஆளுக்குரிய கணக்கு. பிள்ளை என்றால் சின்ன அளவு மனிதன் என்று அவர் நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

தலைத்தோலில் தெரியும் நாளத்தில் ஊசி போனது. என் இரண்டு விரல் பிள்ளையின் இடது மார்பில். மற்றக் கையில் மணற்கண்ணாடி. திருப்பி வைத்தேன், மணல் விழத் தொடங்கியது, எண்ணத் தொடங்கினேன்.

முதலில் விறுவிறுவென்று அடித்தது. பிறகு மெதுவானது. தூங்குகிறது, அதனால் மெதுவாகிறது, நல்லதுதானே என்று நினைத்தேன். இன்னும் மெதுவானது. இது தூக்கம் இல்லை என்று என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. நான் மணலைப் பார்த்தேன். பாதிதான் விழுந்திருந்தது.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை. எண்ணை முடிக்காமல் எப்படிச் சொல்வது என்று மிச்ச மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணல் விழுந்து முடிந்தது.

"அறுபது, ஐயா," என்றேன்.

சரியான எண். அதை நான் சொன்ன நேரம் பிள்ளை சாம்பல் நிறமாகிவிட்டது. டொக்டர் என்னென்னவோ செய்தார். கையால் அமுக்கினார், மருந்து குத்தினார், சுடுநீரில் வைத்தார். விரலுக்குக் கீழே ஒன்றும் திரும்பி வரவில்லை.

மேட்ரன் ஏட்டைப் பார்த்துவிட்டு, "நீ எண்ணினது சரி, உன்னில பிழையில்ல," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அந்த ஏட்டை வாவியில் எறிய வேண்டும்போல் இருந்தது.

அடுத்த நாள் காலை பூமணியின் கட்டிலுக்குப் போனேன். போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். போனேன்.

"மருந்து புள்ளைட நெஞ்சப் புடிச்சிட்டு," என்றேன். "அது எனக்கு வெள்ளெனத் தெரிஞ்சிது. நான் உடனே சொல்லல்ல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லியிருந்தா?"

"தெரியா. ஊசிய நிப்பாட்டியிருப்பார். தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம்."

"ஏன் சொல்லல்ல?"

"மணல் முடியல்ல எண்டு நிண்டனான்."

அவளுக்கு விளங்கவில்லை. யாருக்குத்தான் விளங்கும்? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவளுடைய புருஷன் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்தார். போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை மனவருத்தம் என்று எழுத வேண்டாம். எனக்கு வந்தது ஆத்திரம். டொக்டரில், மேட்ரனில், அந்தக் கண்ணாடியில், எல்லாவற்றையும் விட என்னில். ஆத்திரத்தை எங்கேயாவது போட வேண்டும். பிரசவ அறைக்குப் போனேன். ஓய்வு கிடைத்த நேரமெல்லாம், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் விரல் வைத்துப் பார்த்தேன்.

அங்கே தங்கம் என்றொரு ஆயா. ஏறாவூர்ப் பக்கத்தவள், எழுதப் படிக்கத் தெரியாது, வாய் மட்டும் என்னைப் போல இரண்டு மடங்கு. ஒரு நாள் சட்டிகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்னகா மிஸி, எல்லாப் புள்ளைட நெஞ்சிலயும் கை வைக்கிறீங்க, உள்ளுக்குள்ள என்ன கிடக்கு?"

"அடிக்கிறதப் பாக்கிறன்."

"எப்பிடி அடிக்கிது?"

"நூற்றி நாப்பது."

"அது எனக்கு விளங்குமா? எப்பிடி அடிக்கிது எண்டு சொல்லுங்கவன்."

இவளுக்கு எப்படிச் சொல்வது? பக்கத்தில் பீங்கான் பூசிய தட்டு ஒன்று கிடந்தது. இடது கை விரல் பிள்ளையின் நெஞ்சில் இருக்க, வலது கை விரல் நகத்தால் அதே வேகத்தில் தட்டில் தட்டினேன். டக்டக்டக்டக்.

"அம்மோவ், இவ்வளவு வேகமா?" என்று சிரித்தாள். பிறகு திரும்பிக் கழுவத் தொடங்கினாள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "இந்தா, இப்ப குறைஞ்சிட்டு. புள்ளைக்குக் குளிர் போல, துணியப் போடுங்க."

பார்த்தால் துணி விலகிக் கிடந்தது. மூடினேன். தட்டு மறுபடி விறுவிறுத்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எண்ணத் தெரியாத ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டி கழுவிக்கொண்டு, மணல் விழ முன்னமே கண்டுபிடித்துவிட்டாள். எண் எதற்கு? வேகம் குறைகிறதா கூடுகிறதா என்று காதுக்கு உடனே தெரியும். அறையில் இருக்கிற எல்லாக் காதுக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம், பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் தட்டினேன். அழும்போது ஏறும், குளிரில் இறங்கும், மூச்சு முட்டினால் சட்டென்று விழும், மூச்சு வந்தால் சட்டென்று எழும். என் இரண்டு கையும் ஒரு கை மாதிரி ஆகிவிட்டது. சில தாதிகள், மிஸிக்கு அந்தக் கிரான் பிள்ளைக்குப் பிறகு மூளை பிசகிவிட்டது என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

பிறகு காத்தான்குடியிலிருந்து ஆதம்பாவா வந்தார். கைத்தறி நெய்கிறவர். கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு பிறந்த முதல் பிள்ளை. ஆண். பிறந்து ஒன்றரை நாள். அதே வீக்கம், அதே பச்சை வாந்தி, அதே மூடிய வாசல். மனைவியை வார்டில் விட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றார்.

நான் நேரே டொக்டரிடம் போனேன்.

"ஐயா, இந்தப் புள்ளைக்கு மஞ்சள் மருந்து வேணாம். வெட்டுற இடத்தில மட்டும் விறைப்பூசி போடுங்க. வாயில சீனித்துணி வைப்பம்."

"விசர்க் கதை கதைக்காதையும்," என்றார். "பிள்ளை துடிச்சுதெண்டால் கத்தி எங்க போகுமெண்டு தெரியுமோ? குடல் கிழியும். அப்ப நீர் வந்து தைப்பீரோ?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். எதிரே நிற்பவன் மடையன் என்றால் தீர்மானம் எடுப்பது லேசு. அவர் மடையர் இல்லை. கிரான் பிள்ளை செத்த பிறகு அவரும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று சமையல்காரர் சொல்லியிருந்தார்.

"போன முறை போட்டதில பாதிதான் போடப் போறன்," என்றார். "அதையும் மூண்டு பங்காய், மெல்ல மெல்ல. சரியோ?"

"சரி. நான் நாடி பாக்கிறன். ஆனா மணற்கண்ணாடியில இல்ல. தட்டில தட்டுவன். சத்தம் குறைஞ்சா நீங்க ஊசிய நிப்பாட்ட வேணும்."

"இதென்ன, தியேட்டரோ கோயில் மேளக் கச்சேரியோ?"

"மேளம் நிண்டா பூசை முடிஞ்சிது எண்டு அர்த்தம், ஐயா. அதுக்கு முன்னம் ஊசிய எடுத்திடுங்க."

அவர் முறைத்தார். நானும் முறைத்தேன். பக்கத்தில் நின்ற மேட்ரன், "தியேட்டரில சத்தம் போட இடமில்ல, கண்ணாடிய எடு," என்றார். எடுத்தேன். மேசையில் படுக்க வைத்தேன். படுக்க வைத்தால் மணல் விழாது.

ஆதம்பாவாவை வார்டுக்குப் போகச் சொன்னேன். கேட்கவில்லை. தியேட்டர் யன்னலுக்குக் கீழே வாவி மணலில் போய்க் குந்திக்கொண்டார்.

"இங்க இருக்கப்படாது," என்றேன்.

"நான் இங்க இரிந்தா உங்களுக்கென்ன மிஸி? காத்து எல்லாருக்குந்தானே."

"அப்ப கேளுங்க. உள்ளுக்க டக்டக் எண்டு சத்தம் வரும். அது உங்கட புள்ளைட நெஞ்சு. பயப்படாதீங்க."

"எவ்வளவு வேகமா வரும்?"

யன்னல் கட்டையில் தட்டிக் காட்டினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருக்கிறவரின் காது அது.

"என்ட ரப்பே! இந்த வேகத்தில தறிய ஓட்டினா நூலெல்லாம் அறுந்து போயிரும்."

"அறாது. நான் பாத்துக்கொள்றன்."

அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? ஒன்றும் இல்லை. ஆனால் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதைக் காப்பாற்றத்தானே வேண்டும்.

காலை பத்து மணி இருக்கும். நல்ல வெளிச்சம். தங்கத்தையும் உள்ளே கூப்பிட்டு ஒட்சிசன் குழாயோடு நிறுத்தினேன். பிள்ளையைக் கம்பளியில் சுற்றி வயிற்றுக்குக் கீழே மட்டும் திறந்து வைத்தோம். இடது கை நெஞ்சில். வலது கை தட்டில். டக்டக்டக்டக்.

முதல் பங்கு போனது. பிள்ளை கண் மூடியது. தட்டு கொஞ்சம் இறங்கி, பிடித்துக்கொண்டது. டொக்டர் தலையை ஆட்டினார். கத்தியை எடுத்து வைத்துப் பார்த்தார். பிள்ளை காலை உதைத்தது.

"இன்னும் ஆழம் வேணும்," என்றார். ஊசிக்குத் திரும்பினார். இரண்டாம் பங்கு.

அவருடைய பெருவிரல் அமுக்கத் தொடங்கி நாலைந்து மூச்சு நேரம்தான். என் விரலுக்குக் கீழே இடைவெளி அகன்றது. டக்டக். டக். டக்.

"ஐயா, நிப்பாட்டுங்க."

பெருவிரல் நிற்கவில்லை. "எத்தனை?" என்றார். "நம்பரைச் சொல்லும்."

பாருங்கள், அவருக்கும் அதே நோய். என்னைப் பிடித்திருந்த அதே நோய். எண் வந்தால்தான் நம்புவார். நான் எண்ணத் தொடங்கினால் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தின் விலை எனக்குத் தெரியும். என் நாக்கு எண்ணப் போனது, பழக்கம். நான் அதைக் கடித்துப் பிடித்தேன்.

"நம்பர் இல்ல! காதில்லையா உங்களுக்கு? கேளுங்க!"

டக். டக். டக்.

அந்த நேரம் யன்னலுக்கு வெளியே ஆதம்பாவா எழும்பி நின்று கத்தினார்.

"மிஸி! ஏன் மெதுவாக்குறீங்க? தறி நிக்கப் போகுது! அடிங்க மிஸி, அடிங்க!"

டொக்டரின் கை நின்றது. ஊசியை உருவி எடுத்து எறிந்தார். ஒரு நெசவாளிக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டது, இவருக்கு அப்போதுதான் கேட்டது. அதைச் சொல்லி நான் அவரைக் குறைக்கவில்லை. கேட்டதும் நின்றார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். எத்தனை பேர் கேட்ட பிறகும் நிற்கமாட்டார்கள்!

பிள்ளை மூச்சு விடவில்லை. உதடு நீலம். டொக்டர் முகக்கவசத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு துணித் துண்டைப் பிள்ளையின் வாயிலும் மூக்கிலும் வைத்து, குனிந்து தன் வாயால் ஊதினார். கன்னத்தில் இருக்கிற காற்று மட்டும், சின்னச் சின்னதாக. தங்கம் குழாயை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள்.

டக். டக்.

நான் கைகளை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டி வந்திருக்கும். பிள்ளைக்கு என்ன ஆகிறது, ஊதுவது போதுமா, கூடவா என்று யாரிடமாவது கேட்க வேண்டி வந்திருக்கும். இப்போது ஒன்றும் கேட்கத் தேவையில்லை. குனிந்தபடியே ஊதுகிறார், தட்டு அவருக்குப் பதில் சொல்கிறது. ஊதல் சரியாக உள்ளே போனால் அடுத்த அடி கொஞ்சம் கிட்ட வருகிறது. துணி நழுவினால் விலகுகிறது. அவரே திருத்திக்கொள்கிறார்.

டக். டக். டக்டக். டக்டக்.

"வருகுது," என்றாள் தங்கம். யாரும் அவளைக் கேட்கவில்லை.

டக்டக்டக். டக்டக்டக்டக்.

வெளியே ஆதம்பாவா ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அதுவும் தட்டின் வேகத்துக்கு ஏறிக்கொண்டே போனது. பிள்ளையின் உதடு சிவந்தது. தானாக ஒரு மூச்சு இழுத்தது. இன்னொன்று. பிறகு மூக்கைச் சுழித்து, அழுவதா விடுவதா என்று யோசிக்கிற மாதிரி ஒரு சிணுங்கல்.

டொக்டர் நிமிர்ந்தார். முகம் முழுக்க வியர்வை. என்னைப் பார்த்தார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

"சீனித்துணி எங்க?" என்றார்.

தங்கம் ஏற்கெனவே நனைத்து வைத்திருந்தாள். சீனித் தண்ணீரில் நனைத்த துணி முடிச்சைப் பிள்ளையின் வாயில் வைத்தோம். அரைத் தூக்கத்திலேயே சப்பத் தொடங்கியது. வெட்டுகிற இடத்தைச் சுற்றி விறைப்பூசி. கால் இரண்டையும் தங்கம் பிடித்தாள். டொக்டர் கத்தியை வைத்தார். பிள்ளை ஒரு தரம் உதைத்தது, பிறகு சப்பியது. தட்டு ஒரு தரம் எகிறியது, பிறகு சீராக ஓடியது. அவர் என் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெட்டினார். எகிறினால் நிறுத்தினார், அமர்ந்தால் தொடர்ந்தார். கால் மணி நேரம் போயிருக்காது. சட்டென்று கறுப்பும் பச்சையுமாகப் பீறிட்டு வந்தது. டொக்டரின் மேலங்கி, தங்கத்தின் சேலை, என் முழங்கை, எல்லா இடமும்.

பிள்ளைகளே, அந்த நாற்றத்தைப் போல ஒரு நல்ல வாசனையை நான் இந்த வயது வரை முகர்ந்ததில்லை. தங்கம் சிரித்தாள். டொக்டர் சிரித்தார். மேட்ரன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிள்ளையின் வயிறு கண் முன்னாலேயே இறங்கியது.

"மிஸி!" என்று வெளியிலிருந்து சத்தம். "என்ன சிரிக்கிறீங்க? செல்லுங்களன்!"

"உங்கட மகன் எங்க எல்லாரையும் நாறடிச்சிட்டான்!" என்று கத்தினேன்.

அவர் மணலில் விழுந்து சுஜூது செய்ததைத் தங்கம் யன்னலால் எட்டிப் பார்த்துச் சொன்னாள்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது மேட்ரன் சட்டத்தை விடவில்லை. "பிள்ளை தப்பினது சந்தோஷம்," என்றார். "ஆனா தியேட்டரில இந்தத் தட்டுச் சத்தம்..."

டொக்டர் துவாலையால் கையைத் துடைத்தபடி சொன்னார்: "ஓம் மேட்ரன், எனக்கும் அதில ஒரு குறை இருக்கு. தட்டு சின்னன். அடுத்த முறை இவவுக்குப் பெரிய தட்டொண்டு எடுத்துக் குடுங்கோ."

அதற்கு அடுத்த கிழமை, ஒரு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மஞ்சள் மருந்து நாளத்தில் போடுவதில்லை என்று அவரே எழுதித் தியேட்டர் சுவரில் ஒட்டினார். ஏன் என்று எனக்கு விளக்கியதும் அவர்தான். அந்த மருந்து தூங்க வைக்க மூளைக்குப் போகிறது, ஆனால் போகிற வழியில் நெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது நெஞ்சின் பலத்தையும் குறைக்கிறது, மூச்சையும் அடக்குகிறது. பெரிய ஆளின் இதயம் சமாளிக்கும். ஒரு அடியில் இரத்தத்தைக் கூடுதலாகத் தள்ளும், வேகத்தையும் கூட்டும். பிறந்த பிள்ளையின் இதயத்துக்கு அந்த வசதி இல்லை. களுதாவளைத் தோட்டக்காரர் கிணற்றில் இறைப்பதை நினைத்துப் பாருங்கள் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பெரிய வாளி உள்ளவன் ஆறுதலாக இறைத்தாலும் பாத்தி நனையும். சிரட்டையால் இறைக்கிறவன் நிறுத்தாமல் இறைத்தால்தான் நனையும். பிள்ளையின் நெஞ்சு சிரட்டை. அதன் முழுப் பலமும் அதன் வேகம். வேகம் போனால் எல்லாம் போச்சு. பெரியவரின் நாடி குறைந்தால் யோசிக்க நேரம் உண்டு. பச்சைப் பிள்ளைக்குக் குறைந்தால் யோசிக்காமல் கையை எடுங்கள், மூச்சைக் கொடுங்கள், பிறகு யோசியுங்கள்.

இப்போது மணற்கண்ணாடி இல்லை. உங்கள் எல்லோர் மார்பிலும் விநாடிமுள் கடிகாரம் தொங்குகிறது. கொழும்பில் கம்பி ஒட்டிப் பார்க்கிற பெட்டி வந்துவிட்டதாகவும் கேள்விப்படுகிறேன். வரட்டும், நல்லது. ஆனால் போன வருடம் நான் உங்கள் தியேட்டருக்கு வந்தபோது, ஒரு பிள்ளை கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு நின்றாள். நோயாளியின் நகம் நீலமாகிக்கொண்டு வந்தது. நான் அவளுடைய கையைத் தட்டிவிட்டுக் கத்தினேன். அதற்காக அவள் என்மீது முறைப்பாடு எழுதினாள். எழுதட்டும். அந்த நோயாளி வீட்டுக்குப் போனார்.

கடைசியாக ஒன்று.

ஆதம்பாவாவின் பிள்ளை தப்பி ஒரு வருடம் இருக்கும். பிரசவ வார்டில் ஒரு பெண் வலியோடு கிடந்தாள். கிட்டப் போன பிறகுதான் அடையாளம் தெரிந்தது. கிரான் பூமணி.

"உங்கட பக்கத்தில மருத்துவிச்சி இல்லையா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"இரிக்கா," என்றாள். "நான் உங்களிட்டத்தான் வந்தனான். உள்ளதச் சொன்ன ஆள் நீங்க ஒராள்தான்."

பொழுது சாய முன் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்ததும் அழவில்லை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. எடுத்துத் துடைத்து, மூக்கை உறிஞ்சி, முதுகைத் தடவினோம். என் கை தானாக நெஞ்சில். தட்டில். டக். டக்.

பூமணி தலையைத் தூக்கினாள். "அதென்ன மிஸி சத்தம்?"

"உன்ட புள்ளைட நெஞ்சு."

"ஏன் இவ்வளவு மெதுவா?"

நான் பொய் சொல்லவில்லை. "இப்ப ஏறும், பாத்துக்கொண்டிரு," என்றேன். துணியை வைத்து நானே ஊதினேன், ஒரு கையால் தட்டிக்கொண்டே. மூன்றாம் ஊதலில் பிள்ளை இருமியது. நாலாவதில் கத்தியது. டக்டக்டக்டக் என்று தட்டு பறந்தது.

பிள்ளையைத் துணியில் சுற்றித் தாயின் பக்கத்தில் வைத்தேன். வேலை முடிந்தது. தட்டை எடுத்து வைக்கப் போனேன்.

பூமணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நிப்பாட்டாதீங்க மிஸி. இன்னும் கொஞ்சம் அடிங்க. நான் கேக்கணும்."

மற்றக் கட்டில்காரிகள் எழும்பி உட்கார்ந்தார்கள். மேட்ரன் வாசலுக்கு வந்தார், நின்றார், திரும்பிப் போனார். நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்து, அந்த வார்டு முழுக்கக் கேட்கும்படி தட்டினேன். பூமணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். அவள் தூங்கும்வரை தட்டினேன்.